மலையகத்தில் கைவினை டைல்ஸ் பட்டறை: மண் பிசைவதிலிருந்து ஏப்ரல் சீசன் கடை வரை முழுமையான வழிகாட்டி

பட்டறை போட நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் சூளையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு பெரிசு, கறன்டா காஸா, எங்கே வாங்கலாம். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டுங்கள் என்பதுதான் என் பதில். நம் மலையில் டைல்ஸ் செய்வதில் பாதி வேலை காய வைப்பது. எந்த மாதம் காயும், எந்த மாதம் காயாது, எந்த மாதம் ஆட்கள் வாங்க வருவார்கள் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிவைத்தவருக்குத் தொழில் நிற்கும். மற்றவர் நல்ல கைகாரராக இருந்தாலும் சீசன் நேரத்தில் ஈர டைலோடு நிற்பார்.

நாள்காட்டியைப் பிரித்துக்கொள்வது

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழை இரண்டு பக்கமும் ஒன்றாகப் பெய்வதில்லை. மேற்குப் பக்கமான ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜூன், ஜூலையில் தூறலும் மூடுபனியுமாக நாள் முழுக்க ஒரே ஈரம். அதே ஜூன், ஜூலையில் கிழக்கே ஊவாப் பக்கமான பண்டாரவளை, வெலிமடை, பதுளையில் வெயிலும் காற்றும். அங்கே மழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை இழுக்கும். ஒக்டோபரும் நவம்பரும் யாருக்கும் நல்லதில்லை, எல்லா இடத்திலும் கொட்டும். ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை மேற்குப் பக்கத்துக்குக் கிடைக்கும் வறண்ட காலம்தான் தங்கம், அதை வீணாக்கவே கூடாது.

இனி விற்பனை. தைப்பொங்கல், மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர், சித்திரைப் புத்தாண்டோடு சேர்ந்த நுவரெலியா ஏப்ரல் சீசன், மே மாதம் வெசாக், ஜூலை அல்லது ஓகஸ்டில் கண்டி எசல பெரஹரா, அப்புறம் தீபாவளி, நத்தார். இவற்றில் டைல்ஸுக்குப் பெரியது ஏப்ரல்தான். பாடசாலை விடுமுறையும் குளிரும் சேர்ந்து கொழும்பு ஆட்களை மேலே கொண்டுவந்துவிடும். குதிரைப் பந்தயம், விக்டோரியா பூங்கா மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரை என்று ஊரே நிரம்பியிருக்கும். கொஞ்சம் கையில் காசோடு, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருக்கும் சனம் அது.

ஆகவே மேற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஏப்ரல் முதல் வாரம் பெட்டி கட்ட வேண்டும் என்றால் கிளேஸ், அதாவது டைலின் மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு, பூசிச் சுடும் கடைசிச் சூளை மார்ச் கடைசிக்குள் இறங்கிவிட வேண்டும், கிளேஸ் பூசுமுன் சுடும் முதல் சூடு மார்ச் நடுவில் முடிய வேண்டும், மண்ணைத் தகடாக உருட்டி வெட்டும் வேலை பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்து பெப்ரவரியோடு ஓய வேண்டும். ஊவாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அடித்துக் காய வைத்துக்கொண்டு தீபாவளி, நத்தாருக்கு விற்பதே வசதி. ஏப்ரலுக்கும் அந்தக் கையிருப்பிலிருந்தே எடுக்கலாம், டைல் கெட்டுப்போகிற சாமான் இல்லையே.

எந்த மண்

தேயிலை மலையில் கிடைக்கும் செம்மண்ணை அப்படியே எடுத்துச் செய்யலாமா என்று பலருக்கும் ஆசை. பெரும்பாலும் சரிவராது. மணலும் மினுக்கமும் அதிகம், பிடிப்பு குறைவு. சோதிப்பது லேசு. ஈரமாக்கிப் பிசைந்து பென்சில் பருமனில் உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் வேலைக்கு ஆகும். வயல் அடிவாரத்திலும் ஓடைக் கரையிலும் சில இடங்களில் நல்ல களி உண்டு. ஆனால் சரிவான இடத்தில் தயவுசெய்து மண் வெட்டாதீர்கள், மண்சரிவுக்குப் பலியான தோட்டத் தொழிலாளர் லயங்களைப் பார்த்த ஊர் இது. கொஞ்சம் அதிகமாக எடுப்பதென்றாலே அனுமதிப்பத்திரம் வேண்டும், பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மாத்தளை, திகன பக்கத்து மண் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. அங்கெல்லாம் சுண்ணக்கல் இனப் பாறை அதிகம். சின்னச் சுண்ணாம்புக் கல் ஒன்று மண்ணுக்குள் இருந்தால் சூளையில் ஒன்றும் தெரியாது, டைல் அழகாகவே வெளியே வரும். சில நாளில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அந்தக் கல் ஊதி, மேலே ஒரு சில்லு பெயர்ந்து விழும், உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியும். வாங்கினவர் வீட்டுச் சுவரில் அது நடந்தால் பெயர் போச்சு. காய்ந்த மண்ணைப் பொடித்து வினாகிரி ஊற்றுங்கள், நுரைத்தால் அந்த மண்ணை விட்டுவிடுங்கள், அல்லது கரைத்து மிக மெல்லிய அரிதட்டில் வடித்து எடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை, கலந்து தயாராக விற்கும் மண்ணை வாங்குவதுதான். இலங்கையில் இதற்குத் தேவையான எல்லாமே உண்டு: மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவையிலும் வெள்ளைக் களியான கயோலின், களுத்துறைப் பக்கம் தெதியவலையில் பிடிப்புள்ள களி, நம் மாத்தளை மாவட்டத்து ஓவலவில் சூட்டில் உருகும் கல்லான பெல்ஸ்பார். கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொட போன்ற குயவர் ஊர்களில் நேரே போய்க் கேட்டால் பானை மண் கிடைக்கும், பேச்சுக் கொடுத்தால் அதைப் பதப்படுத்தும் விதத்தையும் சொல்லித் தருவார்கள். எந்த மண்ணானாலும் டைல்ஸுக்கு 15 சதவீதம் அளவில் சுட்ட மண் பொடியை, அதாவது குரோக்கைச் சேருங்கள். நெளிவும் வெடிப்பும் நன்றாகக் குறையும்.

அளவைத் தீர்மானிப்பது

மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பதை உங்கள் மண்ணிலேயே பாருங்கள்: ஈரத் தகட்டில் 10 செ.மீ. கோடு கீறி, சுட்ட பிறகு அளந்தால் தெரிந்துவிடும். 12 சதவீதம் சுருங்கும் மண்ணில் 10 செ.மீ. டைல் வேண்டுமென்றால் 11.4 செ.மீ. வெட்ட வேண்டும், 15 செ.மீ. வேண்டுமென்றால் 17 செ.மீ.

ஆரம்பத்தில் 10 செ.மீ. அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. சூளைத் தட்டில் அது 9 பிடிக்கும், 15 செ.மீ. டைல் 4 தான் பிடிக்கும். ஒரு கிலோ ஈர மண்ணில் சின்னது ஏறத்தாழ 4 வரும், பெரியது 2 கூட வராது. நெளியும் ஆபத்தும் பெரியதற்கே அதிகம், பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுபவர் வாங்குவதும் சின்னதைத்தான்.

தகட்டுவதும் வெட்டுவதும்

மேசையில் ஒரு துணி விரித்து, ஒரே பருமனான இரண்டு மரச் சட்டங்களை இரு பக்கமும் வையுங்கள், 10 மி.மீ. போதும். நடுவில் மண்ணை வைத்து உருட்டுக்கட்டையின் இரு முனையும் சட்டத்தில் ஓடும்படி உருட்டுங்கள். ஒரே திசையில் உருட்டவே கூடாது. நீளவாக்கில் கொஞ்சம், திருப்பி அகலவாக்கில் கொஞ்சம், பிறகு கவிழ்த்துப் போட்டு மறுபக்கம். மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது சும்மா இல்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அது வளையும், நீங்கள் நேராக்கி வைப்பீர்கள், பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், சூளையில் 1200 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த மூலை மறுபடி எழும்பிக்கொண்டு நிற்கும். அதனால் தகட்டை ஒருபோதும் கையால் தூக்காதீர்கள். மேலே ஒரு பலகையை வைத்து, இரண்டு பலகைக்கும் நடுவில் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்து, துணியை மெதுவாக உரித்தெடுங்கள்.

உருட்டியதும் உடனே வெட்டக்கூடாது. விரல் வைத்தால் தடம் பதியும், ஆனால் விரலில் மண் ஒட்டாது என்ற பதம் வரும்வரை விடுங்கள். வெட்டிய விளிம்பை ஈர ஸ்பொஞ்சால் ஒரு தடவை நீவினால் போதும், கூர்மை போய்விடும். பின்பக்கம் முள்ளுக்கரண்டியால் ஆழமாகக் கோடு கீறுங்கள், சுவரில் ஒட்டும்போது சீமேந்து பிடிக்க அது வேண்டும்.

கோலம் நம் கையில் இருக்கும்போது வடிவத்துக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டைலின் நான்கு பக்கத்திலும் சரியாக நடுவில் கோடு வந்து முட்டும்படி, பக்கத்துப் பக்கங்களை இணைக்கும் இரண்டு கால்வட்டம் போட்டு ஒரே ஓர் அச்சு செய்தால் போதும். டைலைத் திருப்பித் திருப்பி வைத்தால் கோடு ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடும். 16 டைலைக் கடை மேசையில் சும்மா பரப்பி வையுங்கள், வருகிற பிள்ளைகள் விடமாட்டார்கள், பிள்ளை விடாவிட்டால் தாயும் நகரமாட்டார். தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும், கண்டிக்குப் பக்கத்து எம்பக்கே தேவாலயத் தூண்களின் செதுக்கல், லயத்து வாசல் என்று மற்ற வடிவங்களும் போகும், ஆனால் என் மனசுக்கு முதலிடம் கோலத்துக்குத்தான்.

அச்சு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் எடுப்பதென்றால் 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர், எடையில். வறண்ட மாதத்திலேயே வார்த்து வையுங்கள், ஜூலையில் நுவரெலியாவில் வார்த்த பிளாஸ்டர் அச்சு உலருவதற்குள் பொறுமை போய்விடும். உடைந்த பிளாஸ்டர்த் துண்டு மண்ணில் கலந்தால் அந்தச் சுண்ணாம்புக் கல் செய்யும் அதே வேலையைச் செய்யும் என்பதையும் மறக்கவேண்டாம்.

காய வைப்பது

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். டைல் நெளிவதற்குக் காரணம் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து சுருங்குவதுதான். விளிம்பு நடுவை முந்தும், மேல்பக்கம் அடிப்பக்கத்தை முந்தும். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அங்கே காற்று கொழுந்துப் படுக்கைக்குள் ஒரே சீராகப் போவது எப்படியோ அப்படித்தான் இங்கேயும் இருக்க வேண்டும்.

செய்யும் முறை: ஜிப்சம் போர்ட் துண்டு ஒன்று, அதன்மேல் டைல்கள், அதன்மேல் இன்னொரு போர்ட், மறுபடி டைல்கள், இப்படி நாலைந்து அடுக்கு, உச்சியில் லேசான பாரம். போர்ட் இரு பக்கமும் ஈரத்தை உறிஞ்சும், டைலை நேராகவும் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாள் அடுக்கைச் சுற்றிப் பொலித்தீன் தளர்வாகப் போர்த்தி, தினமும் ஈரமான போர்டைக் காய்ந்ததால் மாற்றுங்கள். பிறகு கம்பித் தட்டில் விரித்து, நேரே படாமல் சுவரைப் பார்த்து ஒரு காற்றாடியை மெதுவாக ஓடவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவிலும் அம்பேவலயிலும் புல்லில் உறைபனி படியும் இரவுகள் உண்டு, ஈர டைலை வெளித் திண்ணையில் விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், சில்லென்று இருந்தால் ஈரம் என்று. கீழ்நாட்டுக்கு அது சரி. நம் ஊரில் காய்ந்த செங்கல்லும் சில்லென்றுதான் இருக்கும். ஆகவே சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, நடுத்தட்டிலிருந்து ஒரு டைலை எடுத்து முதுகில் அடையாளம் போட்டுத் தினமும் நிறுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை காட்டினால், அந்த இடத்துக் காற்றில் அதற்கு மேல் காயாது என்று அர்த்தம். மிச்ச ஈரத்தைச் சூளைதான் எடுக்க வேண்டும்.

முதல் சூடு

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். டைலுக்குள் மிஞ்சிய தண்ணீர் கொதித்து ஆவியானால் டைல் வெடிக்கும். அதனால் வழிகாட்டிகளில் 95 பாகையில் நிறுத்து என்று இருந்தால் நீங்கள் 80, 85 பாகையில் நிறுத்துங்கள், அங்கேயே ராத்திரி முழுக்க விட்டாலும் நட்டமில்லை. அதற்குப் பிறகு 600 பாகை வரை மணிக்கு 80 அல்லது 100 பாகை ஏற்றம் போதும். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும், டைல் போன்ற தட்டைச் சாமானுக்கு இது பொல்லாத இடம். 600 தாண்டியபின் வேகமாகப் போகலாம், 1000 பாகையில் முடித்துவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

கறன்ட் சூளையா காஸா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், 30 அம்பியர் இணைப்பில் எல்லாம் சேர்த்து 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்க முடியும். 3 கிலோவாட் அளவிலான சின்னச் சூளை அதில் ஓடும், பெரிதென்றால் மூன்று ஃபேஸ் எடுக்க வேண்டும். வயரிங்கை உரிமம் உள்ள மின்பணியாளரிடம் கொடுங்கள். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடி மின்னல் என்பதால் மாலையில் மூட்டி, ராத்திரி மெதுவாக ஏற்றி, அடுத்த நாள் மத்தியானத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

காஸ் என்றால் உயரம் இரண்டு விதத்தில் தொந்தரவு செய்யும். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம் அளவுதான், ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு, அதனால் கீழே ஒழுங்காக எரிந்த பேர்னர் இங்கே மஞ்சள் சுவாலையும் புகையுமாக எரியும், பேர்னரின் காற்றுத் துளையை நன்றாகத் திறந்து சரிசெய்ய வேண்டும். அப்புறம் குளிரில் சிலிண்டர் வேகமாக இழுத்தால் அடிப்பக்கம் பனி பிடித்து அழுத்தம் விழுந்துவிடும். 12.5 கிலோ சிலிண்டர் இரண்டைச் சேர்த்து இணைத்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு, காஸ் சூளை எரியும்போது அது உயிரை எடுக்கும். சூளை திறந்த கொட்டகையில் இருக்கட்டும்.

கிளேஸ்

வாங்கும் கிளேஸில் ஈயம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள், அவ்வளவுதான் அதைப்பற்றி. நான் நீளமாகச் சொல்ல விரும்புவது சாம்பலைப் பற்றி. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து முடிந்ததும் ஒவ்வொரு லயத்து வாசலிலும் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, குவிந்து கிடக்கும், அடுப்பில் எரியும், சாம்பல் வெளியே கொட்டப்படும். ஃபெக்டரி விறகு அடுப்பிலும் அப்படியே. அந்தச் சாம்பல் நல்ல கிளேஸ். சாம்பல் 2 பங்கு, பெல்ஸ்பார் 2 பங்கு, களி 1 பங்கு என்ற பழைய கணக்கில் தொடங்கி அந்தச் சூட்டைத் தாங்கும் மண்ணில் 1260 பாகையில் சுட்டுப் பாருங்கள், பச்சையும் தேன் நிறமுமாக ஓடி, கோலத்தின் பள்ளத்தில் தேங்கி நிற்கும். சாம்பலை அரித்து, தண்ணீரில் ஊறவைத்து மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காயவைத்து எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம், சாம்பல் தண்ணீர் தோலை அரிக்கும். ஒவ்வொரு அடுப்புச் சாம்பலும் ஒவ்வொரு மாதிரி வரும், ஆகவே ஒரு ஓடருக்கு வேண்டியதை ஒரே சாக்கில் எடுத்து ஒன்றாகக் கலந்துவையுங்கள். இந்த டைல் இந்தத் தோட்டத்து மிலாற்றுச் சாம்பலில் செய்தது என்று நீங்கள் உண்மையோடு சொல்ல முடியும், அந்தத் தோட்டத்தில் பிறந்து இன்று வெளியே இருப்பவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள்.

பூசுவதற்கு முன் டைலை ஈர ஸ்பொஞ்சால் துடையுங்கள், தூசி இருந்தால் கிளேஸ் அங்கே பிடிக்காது. அடியில் ஒட்டிய கிளேஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். சூளைத் தட்டுக்குக் கயோலினும் சூளையில் உருகாத அலுமினாப் பொடியும் சம அளவு கரைத்துப் பூசி, டைலுக்குக் கீழே கொஞ்சம் அலுமினாப் பொடி தூவினால் சுருங்கும்போது இழுபடாமல் நகரும். சூளைக்குள் கோன், அதாவது குறித்த சூட்டில் வளைந்து காட்டும் சின்னக் கூம்பு, வைக்காமல் சுடாதீர்கள், மீற்றர் காட்டும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

காய்ந்த மண்ணையும் கிளேஸ் பொடியையும் ஒருபோதும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. ஈரத் துணியால் துடையுங்கள், பொடி கலக்கும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள்.

விற்குமுன் சோதனை

விரலால் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு. ஒரு டைலைக் கொதிநீரில் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள், சில தடவை மாற்றி மாற்றிச் செய்து மை தேய்த்துப் பாருங்கள், கிளேஸ் வெடித்திருந்தால் வலைபோல் தெரியும். இன்னொன்றைக் காய்ந்தபடி நிறுத்து, 5 மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் அதே தண்ணீரில் விட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். எடை 3 சதவீதத்துக்கு மேல் கூடினால் வெளித்தரைக்கு விற்காதீர்கள், சுவருக்கு மட்டும் கொடுங்கள். நம் ஈரத்தில் தண்ணீர் குடிக்கும் டைல் வெளியே ஒரு மழைக்காலத்திலேயே பச்சைபிடிக்கும்.

கடை போடுவது

நுவரெலியா சீசனில் இடம் வேண்டுமென்றால் மாநகர சபையில் பொங்கலுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள், மார்ச்சில் போனால் எஞ்சியதுதான் கிடைக்கும். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொள்வது நல்லது, அரச கண்காட்சிகளுக்கும் சில்ப அபிமானி கைவினைப் போட்டிக்கும் அதுவே வழி. கடைக்கு இடம் பெரிதாக வேண்டாம், வெளிச்சம் வேண்டும். டைலைப் படுக்கவைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள், சாய்வுப் பலகையில் நிறுத்துங்கள். நாலு டைலைச் சுவரில் பதித்தால் எப்படியிருக்கும் என்று காட்டும் ஒரு துண்டுப் பலகை, சாந்து பூசி முடித்தது, கட்டாயம் இருக்க வேண்டும்.

விலையைக் கூச்சப்படாமல் போடுங்கள். மண், கிளேஸ், கறன்ட், உடைந்து போனவை, கடை வாடகை, உங்கள் கைக்கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு சூளைக்கு இவ்வளவு என்று எடுத்து, அதில் நல்லதாக வந்த டைல் எண்ணிக்கையால் வகுங்கள். கைக்கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பது நம் ஆட்களிடம் உள்ள பழக்கம். அதைத்தான் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நமக்குச் செய்தார்கள், நம் பட்டறையிலாவது அது வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்டும் மேசை ஒன்று போட்டால் விற்பனையைவிட அது நன்றாக ஓடும். முதல் சூடு முடிந்த டைலைக் கொடுங்கள், தீட்டி முடித்ததும் பின்னால் பென்சிலால் இலக்கம் எழுதுங்கள். பென்சில் எழுத்து சூட்டில் எரிந்துபோகும், ஆகவே கிளேஸ் பூசும்போதே அதே இலக்கத்தைச் சூளைச் சூட்டைத் தாங்கும் வர்ணத்தால் எழுதிவிட வேண்டும். சுட்டுத் தபாலில் அனுப்பச் சில வாரம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள், அன்றைக்கே கொண்டுபோக நினைப்பவர்களுக்குச் செய்துமுடித்த டைலைக் காட்டுங்கள்.

பொதி கட்டும்போது இரண்டு டைலை முகத்தோடு முகம் கடதாசி வைத்துச் சேர்த்து, பெட்டியில் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுற்றிலும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத் துண்டுகளை அடையுங்கள். கொழும்பு போகும் வழியில் கடுகண்ணாவ வளைவிலும் உடையாது.

வாங்குபவரிடம் ஒரு சின்னத் தாளும் கொடுங்கள், டைல் பதிக்கும் மேசன் பாஸிடம் காட்டுவதற்கு. கையால் செய்த டைல் ஒன்றுக்கொன்று ஒரு மி.மீ. வித்தியாசப்படும், அதனால் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். டைலின் முதுகு முழுக்கப் பசை பூச வேண்டும், நாலு மூலையில் மட்டும் வைத்தால் பின்னால் தண்ணீர் தேங்கும். பழைய பங்களாக்களில் குளிர்காயும் அடுப்பைச் சுற்றிப் பதிக்கக் கேட்பார்கள். சூடு தாங்கும் பசையில் முகப்பில் பதிக்கலாம், நெருப்பு எரியும் உள்பக்கத்தில் கூடாது. வழுவழுப்பான கிளேஸைக் குளியலறைத் தரைக்கு எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சீசன் முடிந்து மே மழை பிடித்ததும் மேற்குப் பக்கத்தார் பெரிய ஓடர்களை ஒத்திப்போட்டுவிட்டு, மிஞ்சிய மண்ணைக் கரைத்து வடித்துப் பதப்படுத்துங்கள், சின்னத் துண்டுகளில் சாம்பல் கிளேஸை விதவிதமாகச் சோதித்து ஒவ்வொன்றின் பின்னாலும் கலவையை எழுதி வையுங்கள், எந்த வடிவம் எத்தனை போனது என்பதையும் அதே கொப்பியில் குறித்துவிடுங்கள், ஜனவரியில் எதை முதலில் வெட்டுவது என்று அப்போது தலையைச் சொறிய வேண்டியிருக்காது.